மூன்றாவது மயில்

"கழுத்தைப் பிடிங்க! நிமுத்திப் பிடிங்கன்னா!"

லோகப்பிரியா போட்ட சத்தத்தில் வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த மைனாக்கள் கலைந்து பறந்தன. அவள் கணவன் மனோஜ்குமார் வெண்டைப் பாத்திக்குள் மண்டியிட்டு, துடித்துக்கொண்டிருந்த பெண் மயிலின் கழுத்தைப் பிடிக்கப் பார்த்தான். பிடிபடவில்லை. தலை பின்னால் வளைந்து முதுகைத் தொட்டது. கால்கள் இரண்டும் காற்றைக் கீறின. அலகோரம் நுரை.

"துண்டைக் குடுங்க!"

அவன் எடுத்துக் கொடுக்கும் வரை அவள் காத்திருக்கவில்லை. அவன் தோளிலிருந்து பறித்து, இறக்கைகளை ஒடுக்கிச் சுற்றி, மயிலை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு ஓடினாள்.

"காரை எடுங்க. வெசையாப் போங்க."

மேட்டுப்பாளையம் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டம். ஊட்டிக்குப் போகிற வண்டிகள் வரிசை கட்டி நின்றன. மனோஜ்குமார் ஹாரனை அழுத்தியபடியே திட்டிக்கொண்டு வந்தான்.

"அந்த ஆளுதான். வேற ஆரு? இன்னிக்கு அவரை நான் சும்மா உடப்போறதில்லை. வயசானவர்னு பாத்தா, மயிலுக்கு வெசம் வைப்பாராமா? உள்ள தள்ளிக் களி திங்க வெச்சாத்தான் புத்தி வரும்."

லோகப்பிரியாவின் மடியில் அந்த உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. ஒவ்வோர் இழுப்பும் அவள் வயிற்றில் வந்து இடித்தது.

இந்த வாரத்தில் இது மூன்றாவது மயில். வியாழக்கிழமை கிணற்று மேட்டில் ஓர் ஆண் மயில் தோகையோடு செத்துக் கிடந்தது. நாய் கடித்திருக்கும் என்றார்கள். நேற்றுக் காலை மோட்டார் அறைக்குப் பின்னால் இன்னொன்று. அதன் மேல் ஒரு கீறல்கூட இல்லை. அப்போதே எல்லோருக்கும் ஒரே பெயர்தான் தோன்றியது.

சென்னியப்பன்.

லோகப்பிரியாவுக்கு ஒரு மோட்டார் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. வாரம் முழுக்க இரும்புச் சத்தம். அவள் குடியிருந்த மனைப்பிரிவில், மலையைப் பார்த்த கடைசித் தெருவுக்கு அப்பால், மனைகளைப் பிரித்து விற்றவர் விற்காமல் விட்ட ஒரு துண்டு நிலம் பார்த்தீனியம் மண்டிக் கிடந்தது. அவரிடம் கேட்டு வாங்கி, குடியிருப்போர் சங்கம் அதைக் கொத்திச் சீர்படுத்தி, ஆசைப்பட்டவர்களுக்கு ஆளுக்கொரு கட்டமாகப் பிரித்துக் கொடுத்தது. கிணறு பொது. தண்ணீர் முறை வைத்து.

தன் கட்டத்தில் கால் வைத்த பிறகுதான் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. பாகல் பந்தலுக்கடியில் உட்கார்ந்து களை பிடுங்கினால் தலைக்கு மேல் தேன்சிட்டு பூப்பூவாய்த் தாவும். வாய்க்காலில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டதும் கொக்குகள் எங்கிருந்தோ வந்து இறங்கிப் பின்னாலேயே நடக்கும். வரப்பைக் குறுக்கே கடக்கிற கீரி ஒருமுறை நின்று அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனது. அந்தப் பார்வையை அலுவலகத்தில் மூன்று பேரிடம் நடித்துக் காட்டினாள். செம்போத்தின் ஊதல் கேட்டால் கையிலிருக்கும் களைக்கொத்து தானாக நின்றுவிடும். முதல் கத்திரிக்காயைப் பறித்த அன்று அதைச் சமைக்க மனமில்லாமல் இரண்டு நாள் சாப்பாட்டு மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மயில்கள் மலையடிவாரப் புதரிலிருந்து வரும். தக்காளியைக் கொத்தும். நிலக்கடலையைக் கிளறும். அவளுக்குக் கோபம் வராமலில்லை; வலை கட்டினாள். அடுத்த கட்டத்துக்காரரான சென்னியப்பனுக்கு வந்த கோபம் வேறு மாதிரி. லேத் பட்டறையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர். பட்டறையில் பேசிய அதே குரலில்தான் செடியோடும் பேசுவார். போன மாதச் சங்கக் கூட்டத்தில், மயில் கொத்திய தக்காளிகளை மேசை மேல் கொட்டி, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "மருந்து வெச்சுக் கொன்னு போட்டாத்தானுங்க இதுக அடங்கும்."

அப்போது சிரித்தார்கள்.

கால்நடை மருத்துவர் ஆல்வினின் மருத்துவமனை ஷட்டர் இறங்கியிருந்தது. மனோஜ்குமார் மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டிய தட்டில் டாக்டர் சட்டையை மாட்டிக்கொண்டே இறங்கி வந்தார். துண்டைப் பிரித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"எத்தனை நேரமாச்சுங்க?"

"பாத்ததுமே தூக்கிட்டு வந்துட்டமுங்க. காப்பாத்திருவீங்கதானே?"

அவர் ரப்பர் குழாயை எடுத்தார். தொண்டைக்குள் மெல்ல இறக்கி, தண்ணீர் விட்டு, தீனிப்பையைக் கீழிருந்து மேலாக நீவினார். தட்டில் தண்ணீரோடு மஞ்சள் மணிகள் வந்து விழுந்தன. மறுபடி. இன்னும் கொஞ்சம்.

மூன்றாம் முறை குழாயை இறக்கும்போது மயிலின் கழுத்து தளர்ந்தது. கண்ணின் மேல் வெள்ளைத் திரை மூடியது. திறக்கவில்லை.

லோகப்பிரியா அதன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். சூடு இருந்தது. அவ்வளவுதான்.

டாக்டர் இடுக்கியால் ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"மக்காச்சோளம். இங்க பாருங்க, நுனியில, இந்தப் பள்ளத்துல. ரோஸ் கலர் தெரியுதுங்களா? இது தீவனச் சோளம் இல்லைங்க. விதைக்கறதுக்குன்னே மருந்து பூசி பாக்கெட்டுல வர்றது. மேல பூசுனாலும் உள்ளாற ஊறிக் கெடக்கும். இதைத் தின்ன எந்தப் பறவையும் தப்பிக்கறது கஷ்டம்."

"அப்ப ஆரோ வேணும்னே எறைச்சிருக்காங்க" என்றாள் லோகப்பிரியா.

"அதை நான் எப்படிங்க சொல்றது? மயில் செத்தா நான் வனத்துறைக்குச் சொல்லித்தான் ஆகோணும். நீங்களும் சொல்லீருங்க. இது சாதாரணக் கேஸ் இல்லீங்க. ஜாமீனுக்கே அலையோணும்."

லோகப்பிரியா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடி பிறந்ததும் தோட்டத்தைச் சுற்றி வேலியோரம் மக்காச்சோளம் போடலாம் என்று சங்கத்தில் முடிவானது. விதை வாங்கி வந்தது யார்? சென்னியப்பன். எல்லோருக்கும் பங்கு பிரித்தது யார்? சென்னியப்பன். மீதிப் பாக்கெட்டுகள் இருப்பது யாருடைய கொட்டகையில்?

"வாங்க போலாம்" என்றாள்.

மனோஜ்குமார் எப்போதோ வெளியே போய், வாசல் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். வெகு நேரம் கழுவினான்.

திரும்பும் வழியில் அவள் காரிலிருந்தே வனத்துறைக்குப் பேசினாள். இடம் சொன்னாள். பெயர் சொன்னாள். கூட்டத்தில் அவர் பேசியதைச் சொன்னாள். போனை வைத்ததும் மனோஜ்குமார் கனைத்துக்கொண்டான்.

"பிரியா, கொஞ்சம் நிதானமாப் போலாமா?"

"என்னங்க?"

"இல்ல… வயசானவரு. பேரெல்லாம் சொல்லியிருக்க வேண்டாம். சங்கத்துல வெச்சுப் பேசிக்கலாமேன்னு."

"போகும்போது களி திங்க வெக்கோணும்னது ஆருங்க?"

"கோவத்துல சொல்றதுதான்."

"எனக்கு இப்பத்தான் கோவமே வருது. உங்களுக்கு ரோட்டுல போகும்போது வரும், திரும்பி வரும்போது போயிருமா? அது என்ற மடியில இழுத்துக்கிட்டே வந்துச்சு. உங்க மடியில இல்ல."

அவன் காரைத் தோட்டத்துப் பக்கம் திருப்பினான்.

தோட்டத்து வாசலில் பாத்திமுத்து நின்றுகொண்டிருந்தார். கடைசிக் கட்டம் அவருடையது. டவுனில் தையல் கடை. கத்தரிக்கோல் போல நறுக்கென்று பேசுகிறவர்.

"என்னாச்சு பிரியா? பொழைச்சுதா?"

லோகப்பிரியா தலையை ஆட்டினாள்.

"போச்சா? அட அல்லாவே!" பாத்திமுத்து குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணு பாத்தேன். சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன். காலையில வெளிச்சம் வரங்காட்டியே நான் கீரை பறிக்க வந்துட்டேன். கிணத்து மேட்டுல அந்த மனுசன் துடைப்பமும் சாக்குமா நிக்கறாரு. என்னத்தையோ கூட்டிக் கூட்டி அள்ளுறாரு. 'என்ன அண்ணே'ன்னேன். 'உங்க வேலையைப் பாருங்க'ன்னு சொல்லிப்போட்டு விறுவிறுன்னு கொட்டாய்க்குள்ள போயிட்டாரு."

லோகப்பிரியா ஒரு காலில் செருப்போடும் ஒரு கால் வெறுங்காலோடும் வரப்பில் நடந்தாள். சென்னியப்பன் தன் கட்டத்தில் குனிந்து, கத்திரி நாற்றுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சென்னியப்பண்ணா."

"சொல்லு அம்மணி."

"கொட்டாயைத் தொறங்க."

"எதுக்கு?"

"தொறங்க சொல்றேன்."

அவர் நிமிர்ந்தார். அவள் சேலையில் ஒட்டியிருந்த ஈரத்தையும் இறகையும் பார்த்தார்.

"செத்துப்போச்சா?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா? மூணுக்கும் நீங்கதானே இலை போட்டீங்க!"

தகரக் கொட்டகைக் கதவை அவளே இழுத்துத் திறந்தாள். உள்ளே உரச் சாக்குகள், மண்வெட்டி, விதைப் பாக்கெட்டுகள். மூலையில் ஒரு சாக்கு. வாயைப் பிரித்தாள். மண்ணும் சருகும் கலந்து, நடுவில் மஞ்சள் மஞ்சளாகச் சோளம். ஒன்றைத் தேய்த்துப் பார்த்தாள். பள்ளத்தில் ரோஸ் நிறம்.

அவள் அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"பாத்துக்குங்க பாத்திமுத்தக்கா. அங்கயே நிக்காம நீங்களும் வந்து பாருங்க மனோஜு. மனுசன் செய்யற வேலைங்களா இது? நாலு தக்காளிக்கு மூணு உசுரு! உங்க ஊட்டு வாசல்ல ஆராச்சும் வந்து சாப்பாடு கேட்டா வெசம் வெச்சுத்தான் தாட்டி உடுவீங்களா?"

"நிறுத்து அம்மணி!" சென்னியப்பனின் குரல் பட்டறைக் குரலாக ஏறியது. "நான் வெச்சிருந்தா வெச்சேன்னு சொல்றவன். எவனுக்கும் பயந்து பொழைச்சவனில்ல. நேத்து ரெண்டாவது மயிலு சாகும்போதே எனக்குத் தோணுச்சு, எவனோ என்னமோ எறைக்கறான்னு. விடியறதுக்கு முன்னால வந்து பாத்தேன். கிணத்து மேட்டுல சோளம் கெடந்துச்சு. மிச்சம் மீதியைத் தின்னு இன்னொண்ணு சாகக் கூடாதுன்னு கூட்டி அள்ளுனேன். நான் வரங்காட்டியே இந்த மயிலுக் கழுதை தின்னுட்டுப் போயிருக்குது. நான் என்ன பண்றது?"

"அள்ளுனவரு அப்பவே சங்கத்துல சொல்லியிருக்கலாம்ல? பாத்திமுத்தக்கா கேட்டப்போ ஏன் மறைச்சீங்க?"

"ஆருகிட்டச் சொல்ல? சொன்னா நீதான் வெச்சேன்னு சொல்லுவீங்க. சொல்லீட்டீங்களா இல்லையா?"

"சொன்னது நாங்களா, நீங்களா? கூட்டத்துல மருந்து வெக்கோணும்னது ஆருங்க?"

"வாயில வந்ததைச் சொன்னேன்! சொல்றதெல்லாம் செய்யறதா இருந்தா என்ற மருமகனை எப்பவோ கிணத்துல தள்ளியிருக்கோணும்."

பாத்திமுத்து சிரிப்பை அடக்க முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டார். லோகப்பிரியா சிரிக்கவில்லை.

"இதையெல்லாம் வர்றவங்ககிட்டச் சொல்லுங்க. ஃபாரஸ்ட்டுக்குச் சொல்லீட்டேன்."

சென்னியப்பன் சட்டென்று குள்ளமாகிவிட்டது போலிருந்தது.

"என்ற பேரைச் சொல்லியா?"

"ஆமாங்க."

பெரியவர் வாய்க்காலில் இறங்கிக் கையைக் கழுவினார். கம்பியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பித்தான் துளை கைக்கு அகப்படவில்லை. இரண்டு முறை தவறி மூன்றாம் முறை மாட்டினார்.

"பாத்திமுத்து."

"சொல்லுங்கண்ணே."

"சாயந்தரம் கத்திரி நாத்துக்குத் தண்ணி காட்டீருங்க. வேருக்கு மட்டும் உடுங்க. மேல ஊத்தீராதீங்க. என்ற பையனுக்கு நான் போனதும் பதமாச் சொல்லுங்க. பட்டறையில ஆளுகளை வெச்சுக்கிட்டுச் சொல்லீராதீங்க."

அந்தக் குரலைக் கேட்டு லோகப்பிரியாவுக்கு ஒரு கணம் நெஞ்சில் என்னவோ நகர்ந்தது. மடியில் இழுத்த இழுப்பு நினைவுக்கு வந்ததும் அது நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. மூன்று உயிர். இரக்கப்பட வேண்டிய ஆள் இவரில்லை.

ஜீப் வாசலில் நின்றது. வனவர் வெங்கடபதி இறங்கினார். கூட இரண்டு காவலர்கள். அவர் குரலை உயர்த்தாமல் எல்லாவற்றையும் கேட்டார். கிணற்று மேட்டைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். கொட்டகையிலிருந்த விதைப் பாக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்பினார்.

"கூட்டத்துல அப்படிப் பேசினது நிஜமாங்க பெரியவரே?"

"நிஜந்தானுங்க."

"இந்தப் பாக்கெட் உங்களோடதுங்களா?"

"நான் வாங்கிட்டு வந்ததுதானுங்க."

"சோளத்தை நீங்க போடலைன்னா, வேற ஆரு போட்டாங்கன்னு நெனைக்கறீங்க?"

"பாக்காம ஆரையும் சொல்றது என்ற வழக்கமில்லீங்க" என்றார் சென்னியப்பன். சொல்லும்போது லோகப்பிரியாவைப் பார்த்தார்.

அவள் பார்வையை நகர்த்தவில்லை. "நடிப்பைப் பாருங்க சார்."

"ரேஞ்ச் ஆபீசுக்கு வந்து சொல்லுங்க பெரியவரே. இப்ப வண்டியில ஏறுங்க."

காவலர் அவர் முழங்கையைப் பிடித்தார். பெரியவர் கையை உதறிக்கொண்டு தானாகவே நடந்தார். வரப்பில் கால் இடறியது. நாற்றை மிதிக்காமல் ஒதுங்கி நடந்து ஜீப்பை நெருங்கினார்.

"சார்."

மனோஜ்குமாரின் குரல். யாரும் திரும்பவில்லை, அவ்வளவு சின்னதாக வந்தது.

"சார், அவரை ஏத்தாதீங்க."

இந்த முறை எல்லோரும் திரும்பினார்கள். மருத்துவமனையிலிருந்து வந்தது முதல் கார் பக்கத்திலேயே நின்றிருந்தவன் இப்போதுதான் வாயைத் திறக்கிறான்.

லோகப்பிரியாவுக்கு எரிச்சல் பொங்கியது. "ஏனுங்க, இப்பப் போயி எரக்கப்படாதீங்க. அப்புறமேலு பேசிக்கலாம்."

"எரக்கம் இல்ல பிரியா." அவன் வனவரைப் பார்த்துப் பேசினான். அவளைப் பார்க்கவில்லை. "கிணத்து மேட்டுல சோளம் போட்டது நானுங்க."

காவலர் ஜீப் கதவிலிருந்து கையை எடுத்தார்.

"என்ன தம்பி உளறுறீங்க?" என்றார் பாத்திமுத்து.

"நெசந்தானுங்க. எல்லார்த்துக்கும் பிரிச்சுக் குடுத்தப்போ எங்க பங்கும் வந்துச்சு. எங்க வேலியில அகத்தி இருக்கறதுனால விதைக்கலை. சும்மாதான கெடக்குதுன்னு… இவ மயிலு தோகை விரிக்கறதைப் பக்கத்துல இருந்து படம் எடுக்கோணும்னு எத்தனையோ நாளாச் சொல்லிக்கிட்டு இருக்கறா. கிட்டப் போனாலே ஓடிருது. தினம் ஒரே எடத்துல தீனி போட்டுப் பழக்குனா வந்து நிக்கும்னு நெனைச்சேன். சாயந்தரம் தண்ணி முறைக்கு வரும்போதெல்லாம் போட்டேன். இவளுக்குச் சொல்லலை. பொறந்த நாளுக்குள்ள பழக்கிப்போட்டு, கூட்டிட்டு வந்து காட்டலாம்னு."

"மருந்து பூசுன விதைன்னு பாக்கெட்டுலயே போட்டிருக்குதே" என்றார் வனவர்.

"ரோஸ் கலரா இருந்துச்சுங்க. அதனாலதான் கழுவினேன். கடைக் கீரை, திராட்சை எல்லாம் ஊட்டுக்கு வந்தா, உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணியில ஊற வெச்சு மூணு தண்ணி அலசுவமுங்க. மருந்தெல்லாம் போயிரும்னு. அதே மாதிரி இதையும் அலசினேன். கலரெல்லாம் எறங்கிப்போச்சு. மொட்டை மாடியில காய வெச்சேன். நல்ல சோளம் மாதிரி மஞ்சளா இருந்துச்சு. மொத ரெண்டு மயிலு செத்தப்போ, சத்தியமா, நானும் இவருதான்னு நெனைச்சேன். நேத்து சாயந்தரங்கூடப் பாவம்னு ரெண்டு கை சேத்துப் போட்டேன்."

சென்னியப்பன் ஜீப்பின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அடக் கெரகமே" என்றார். அதைத் திட்டாகச் சொன்னாரா, பெருமூச்சாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

வனவர் மனோஜ்குமாரின் பக்கம் இரண்டு அடி வைத்தார். "தெரியாமச் செஞ்சதுன்னு சொல்றீங்க."

"தெரியாதுங்க சார்."

லோகப்பிரியா நடுவில் வந்தாள். அவள் குரல் இப்போது உயரவே இல்லை. அதுதான் பாத்திமுத்துவை ஓர் அடி பின்னால் போக வைத்தது.

"எப்பத் தெரிஞ்சுது?"

"பிரியா…"

"உங்களைக் கேட்டேன். எப்பங்க தெரிஞ்சுது? நான் கொட்டாயைத் தொறந்தப்பவா? இவரு சட்டை போட்டப்பவா? இப்ப ஏத்தும்போதா?"

மனோஜ்குமார் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். கார்ச் சாவி விரல்களுக்கிடையில் ஆடியது.

"அதுக்கெல்லாம் முன்னாலயே" என்றான். "டாக்டர் ரோஸ் கலர்னு சொன்னப்பவே. நீ காருல போன் பண்ணி இவரு பேரைச் சொல்லிட்டிருக்கும்போது, எனக்குத் தெரியும்."